அரைப் பக்கம்

டொரண்டோவிலிருந்து பேத்தி ஒருத்தி கேட்கிறாள்:
குருவானவரின் வாழ்க்கையும் ஊழியமும்,
அரைப் பக்கத்துக்கு மிகாமல்,
கையொப்பம், முத்திரையுடன்.

கடலூர் முதுநகர்ச் சேகர அலுவலகத்தில்
முத்திரை இருக்கிறது.
மைப்பெட்டிதான் காய்ந்து கிடக்கிறது.
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு
ஊறட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அருள்திரு நத்தானியேல் மாசில்லாமணி.
பிறப்பு: சாயர்புரம்,
தாது வருஷப் பஞ்சம் போய்ப் பதின்மூன்றாம் வருஷம்.
தேதி அவருக்கே தெரியாது.
ஒரு லெந்து காலத்தில் உதவிக்குரு,
இரண்டு வருஷம் கழித்துக் குருப்பட்டம்.
பிறகு முப்பத்து மூன்று வருஷம்
இந்த ஊர்.

நான் அவரைப் பார்த்ததில்லை.
கையெழுத்தைத் தெரியும்.
பாஸ்போர்ட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு,
சொத்துத் தகராறுக்கு என்று
ஞானஸ்நானச் சான்று கேட்டு வருகிறவர்களுக்காக
பத்தொன்பது வருஷமாக
அவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன்.
என் 'ழ'வின் வால் இப்போது
அவருடையதைப் போலவே வளைகிறது.

வாந்திபேதி வந்த ஆடியில்
ஒரே பக்கத்தில் இருபத்தோரு அடக்கம்.
கலாசி மகன், கலாசி, கலாசி மனைவி.
கடைசி வரியிலும் எழுத்து சாயவில்லை.
ஞாயிறு வரவில் மட்டும்
'பிரசங்கம் இல்லை' என்று குறித்திருக்கிறார்.
காரணம் எழுதவில்லை.

நாற்பத்தேழு செப்டம்பரில்
ஆங்கிலிக்கனாகத் தூங்கப்போனவர்
தென்னிந்தியத் திருச்சபையில் கண் விழித்தார்.
படிவங்களில் 'இங்கிலாந்துத் திருச்சபை' என்றே அச்சு.
மிச்சமிருந்த நானூறு தாளையும்
வீணாக்க மனம் வராமல்
ஸ்கேல் வைத்து, ஒவ்வொன்றாய்,
அந்த இரண்டு சொற்களை மட்டும் அடித்தார்.
ஆறு வருஷம் அடித்தார்.
பக்கத்துச் சொல் எதன்மீதும்
கோடு படவில்லை.

இனி எழுதுவது அரைப் பக்கத்துக்குள் அடங்காது.

ஒரு கார்த்திகை அடைமழையில்
உப்பனாற்றில் ஒதுங்கியது ஓர் உடல்.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
இடுப்பில் அரைஞாண் கூட இல்லை.
சுடுகாட்டில் முழங்கால் தண்ணீர்.
மற்ற இடங்களில்
எந்த மதம் என்று கேட்டார்கள்,
கேட்பது நியாயம்தான்.
இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்ததை
மூன்றாம் நாள் போலீஸ்காரர்
கோயில் வாசலில் விட்டுப் போனார்.

குருவானவர் அடக்கினார்.
எங்கே என்பதுதான் வழக்காயிற்று:
கலெக்டர்களும் கப்பல் கேப்டன்களும் படுத்திருந்த
வெள்ளைக்காரர் வரிசையில்,
ஒரு மேஜரின் சலவைக்கல்லுக்கு அடுத்து.

அத்தியட்சரிடமிருந்து கடிதம் வந்தது.
துருப்பிடித்த குண்டூசியில் இன்னும் இருக்கிறது:
யார் அனுமதி? எந்த விதி?
உடனே விளக்கம் தரவும்.

கீழே அவர் அனுப்பிய பதிலின் நகல்.
ஸ்தோத்திரம் இல்லை, வேதவசனம் இல்லை.

'அங்கேதான் மேடு.'

அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம்
சென்னைக்குப் போனார்கள், மூத்த குருவானார்கள்,
அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.
அவரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை.
அந்த வருஷக் கணக்கில் அவருடைய ஒரே கோரிக்கை:
கோயில்மணிக்குப் புதுக் கயிறு,
எட்டணா.

அவருடைய அடக்கப் பதிவை
அடுத்து வந்தவர் எழுதியிருக்கிறார்,
பால்பாயிண்ட் பேனாவில், அவசரமாக.
மாசில்லாமணியில் ஒரு 'ல்' விட்டுப்போய்
மாசிலாமணி.
திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.

அரைப் பக்கம் எழுதி முடித்தேன்.
பிறப்பு, பட்டம், ஊழியம், இறப்பு.
பதவி உயர்வு: இல்லை.
ஐம்பது ரூபாய்க்கு ரசீதும் போட்டாயிற்று.

கல்லறையின் படமும் வேண்டுமாம்.
அவர் படுத்திருப்பது தெற்குச் சுவரோரம், பள்ளத்தில்.
இது கார்த்திகை.
சிலுவையின் கைகள் வரைக்கும் தண்ணீர்,
அதன்மேல் ஒரு கொக்கு.

வெயில் வரட்டும் என்று
பதில் போட்டிருக்கிறேன்.